பயிருக்கு நல்ல தண்ணி இன்ஜினுக்கு நல்ல தண்ணியா?

ஜீவாமிர்தம் கரைக்கும்போது தண்ணீரைப் பற்றி யோசிக்காத இயற்கை உழவர் கிடையாது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணி என்றால் நுண்ணுயிர் செத்துப்போகும் என்று கிணற்று நீரைத் தேடுகிறோம். அது இல்லாவிட்டால் குழாய் நீரைத் திறந்த தொட்டியில் ஒரு நாள் வைத்திருந்து பிறகு ஊற்றுகிறோம். மண்ணுக்கு இவ்வளவு பார்க்கிற நாம், டிராக்டர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மட்டும் பக்கத்தில் எந்தக் குழாய் இருக்கிறதோ அதிலிருந்து ஒரு குடம் பிடித்து ஊற்றிவிடுகிறோம். "சார், தண்ணி தானே, எதை ஊத்தினா என்ன?" என்று பட்டறைத் தம்பிகளும் சொல்லிவிடுகிறார்கள்.

நடவு நேரத்தில் வண்டி சூடேறி நின்றால் அது வெறும் மெக்கானிக் செலவோடு முடிகிற விஷயம் இல்லை. சேடை ஓட்டி வைத்த வயல் காய்கிறது, நாற்றுக்கு வயது கூடுகிறது, நடவு ஆட்கள் அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள். வங்கியில் விவசாயக் கடன் பார்த்த காலத்திலேயே இதைக் கண்டிருக்கிறேன். தவணை தவறிய டிராக்டர் கடன்களில் சிலவற்றின் பின்னால், பருவத்தில் படுத்துக்கொண்ட ஒரு இன்ஜின் இருக்கும். ஹெட் கழற்றி, லைனர் மாற்றி, வண்டி வெளியே வரும்போது பருவமே முடிந்திருக்கும். இதில் ஒரு பகுதியை நாம் ஊற்றுகிற தண்ணீரைக் கொண்டே தடுக்க முடியும்.

மூன்று தண்ணீர், மூன்று அளவு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். குடிக்க நல்ல தண்ணி, பயிருக்கு நல்ல தண்ணி, இன்ஜினுக்கு நல்ல தண்ணி, இந்த மூன்றும் ஒன்றல்ல.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. 2012-இல் திருத்திய அந்த அளவுகோலின்படி, ஒரு லிட்டரில் கரைந்துள்ள மொத்த உப்பு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வழியில்லை என்றால் 600 வரை. குளோரைடு 250, வழியில்லை என்றால் 1,000.

பாசன நீருக்கு நாம் பார்ப்பது மின்கடத்து திறன். மண் பரிசோதனை நிலையத்தில் தருகிற அறிக்கையில் ஈசி என்று போட்டிருப்பார்கள். உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டியில், ஈசி 0.7-க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் தயங்காமல் பாய்ச்சலாம். அந்த எண்ணை 640-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று தோராயமாகக் கிடைக்கும். 0.7 என்றால் சுமார் 450.

இப்போது இன்ஜினைப் பாருங்கள். கேட்டர்பில்லர் போன்ற கனரக டீசல் இன்ஜின் நிறுவனங்கள் கூலண்ட்டில் கலக்கும் தண்ணீருக்குக் கொடுக்கும் எல்லை இது: மொத்த உப்பு 340, கடினத்தன்மை 170, குளோரைடு 40, சல்ஃபேட் 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. பிஎச் 5.5-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இது "இதற்கு மேல் வேண்டவே வேண்டாம்" என்கிற கடைசிக் கோடு. அவர்கள் விரும்புவது உப்பே இல்லாத நீர்.

குளோரைடை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். குடிக்க 250 வரை சரி, இன்ஜினுக்கு 40. எந்தப் பயிருக்கும் தயங்காமல் பாய்ச்சலாம் என்கிற 450 மில்லிகிராம் தண்ணீர்கூட இன்ஜினுக்குத் தேறவில்லை. உங்கள் போர் தண்ணி தேங்காய்த் தண்ணி மாதிரி இனித்தாலும் ரேடியேட்டருக்கு ஆகாமல் போகலாம். நாக்கு இதற்கு அளவுகோல் இல்லை.

ஆரணி, சேவூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்க வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு தறி ஓடுகிற ஊர். கச்சாப் பட்டு நூலின் மேல் செரிசின் என்கிற பசை இருக்கும். நூலின் எடையில் நான்கில் ஒரு பங்கு வரைகூட அந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் அதை எடுத்த பிறகுதான் சாயம் ஏற்ற முடியும். அந்த வெந்நீர் கடின நீராக இருந்தால் சோப்பு நுரைக்காது. சுண்ணாம்போடு சேர்ந்து பிசுபிசுப்பாக நூலிலேயே ஒட்டிக்கொள்ளும், பட்டு மங்கிவிடும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதனால்தான் சாயம் போடுகிறவர்கள் தண்ணீர் விஷயத்தில் கறாராக இருப்பார்கள். ரேடியேட்டருக்கும் அந்தக் கறார்தான் வேண்டும்.

உப்பு உள்ளே போய் என்ன செய்கிறது?

நம் பக்கம் கெட்டிப் பாறைப் பூமி. பாறை இடுக்கில் நெடுநாள் தங்கிய நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சூடுபடுத்தாத வரை அவை கண்ணுக்குத் தெரியாது. சூடேறினால் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் உடைந்து, கரையாத சுண்ணாம்பாகப் பிரியும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளைப் பக்கு பிடிப்பது இதனால்தான். சொட்டுநீர்க் குழாயில் துளை அடைத்து, அமிலம் விட்டுக் கழுவுகிறோமே, அதுவும் இதே சுண்ணாம்புதான்.

இன்ஜினில் எந்த இடம் அதிகம் சூடோ, அங்கேதான் பக்கு முதலில் படியும். ஹெட்டில் வால்வு பக்கத்துத் தண்ணீர் வழிகள், லைனரின் மேல் பகுதி. சுண்ணாம்புப் பக்கு வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்புக்கு இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. மெல்லிய படிவு போதும், அந்த இடத்துச் சூடு தண்ணிக்கு இறங்காது. மீட்டர் முள் சரியாகவே காட்டும், உள்ளே ஒரு மூலையில் ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

குளோரைடு செய்கிற வேலை வேறு. அலுமினியத்தில் ஊசி குத்தியது போலக் குழி விழவைக்கும். இன்றைய கார்களில் ஹெட், ரேடியேட்டர், தண்ணீர் பம்பு உறை எல்லாம் பெரும்பாலும் அலுமினியம். பழைய பித்தளை ரேடியேட்டர் தாங்கியதை இவை தாங்காது.

மூன்றாவது கேடு, கூலண்ட்டில் இருக்கும் மருந்தையே உப்பு தின்றுவிடுவது. துருவைத் தடுக்கச் சில கூலண்ட்களில் பாஸ்பேட் சேர்க்கிறார்கள், சிலவற்றில் சிலிக்கேட். கால்சியம் நிறைந்த தண்ணீரில் பாஸ்பேட் வெள்ளைக் கசடாகக் கீழே தங்கிவிடும். ஐரோப்பாவில் பல ஊர்களில் கடின நீர் என்பதால் அந்த ஊர்க் கார் நிறுவனங்கள் பாஸ்பேட்டை ஒதுக்கின. ஜப்பான்காரர்கள் தண்ணீர் பம்பின் சீல் தேயும் என்று சிலிக்கேட்டை ஒதுக்கி, பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். நம் சாலைகளில் இரண்டு வகை வண்டிகளும் ஓடுகின்றன. அவற்றில் நாம் ஊற்றுவது போர் தண்ணி.

இதில் பயமுறுத்தலும் வேண்டாம், கணக்கோடு பார்ப்போம். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரைப் பத்து லிட்டர் ஊற்றினால் உள்ளே போவது 6 கிராம் சுண்ணாம்பு. ஒரு தடவையில் இன்ஜின் பாழாகிவிடாது. பாழாக்குவது தினசரி ஊற்றுதல். எங்கோ சின்னக் கசிவு இருக்கிறது, காலையில் ஒரு லிட்டர் ஊற்றி ஓட்டுகிறோம். நூறு நாளில் இன்னும் 60 கிராம் போய்ச் சேர்கிறது. ஆவியாகும் தண்ணீர் உப்பை எடுத்துக்கொண்டு போவதில்லை, விட்டுவிட்டுத்தான் போகும். அதனால் கசிவை அடைப்பது முதல் வேலை, தண்ணீரை மாற்றுவது இரண்டாவது.

கூலண்ட் எதற்கு? நம்ம ஊர்ல பனியா பெய்யுது?

பலரும் கேட்கிற கேள்வி. கூலண்ட் என்பது எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும் துருத் தடுப்பு மருந்துகளும் சேர்ந்தது. குளிர் நாட்டில் அதன் முதல் வேலை தண்ணீர் உறையாமல் காப்பது. பாதிக்குப் பாதி கலந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. நமக்கு அது தேவையில்லை. நமக்கு வேண்டியது மற்ற இரண்டு வேலைகள்.

ஒன்று, கொதிநிலை உயரும். பாதிக்குப் பாதி கலவை சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். அழுத்த மூடி சரியாக இருந்தால் இன்னும் மேலே போகும். இரண்டு, துரு பிடிக்காது. டீசல் இன்ஜினில் லைனரைச் சுற்றித் தண்ணீர் நேரடியாக ஓடும் வகைகள் உண்டு. இன்ஜின் அதிர்வில் லைனர் ஓரம் நுண்ணிய குமிழிகள் உண்டாகி வெடித்து வெடித்து, இரும்பிலேயே துளை போட்டுவிடும். அதைத் தடுக்கும் மருந்து கூலண்ட்டில்தான் இருக்கிறது. எவ்வளவு சுத்தமான தண்ணீரானாலும் வெறும் தண்ணீரால் அது முடியாது.

அதே சமயம் கூலண்ட் அதிகமானால் நல்லது என்று நினைத்து அப்படியே ஊற்றுவதும் தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஒன்றுமில்லை. கிளைக்கால் கூடக் கூட அந்தச் சுமக்கும் திறன் குறையும். அதனால்தான் கலவையில் பாதியோ அதற்கு மேலோ தண்ணீர். அந்தப் பாதி எந்தத் தண்ணீர் என்பதுதான் நம் கேள்வி.

எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது?

*பேட்டரி தண்ணி.* கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று விற்பது. பெரும்பாலும் உப்பு நீக்கிய நீர்தான், காய்ச்சி வடித்தது அல்ல. இரண்டும் நமக்கு ஒன்றே. சந்தேகமில்லாமல் ஊற்றலாம். "உப்பே இல்லாத தண்ணி பசி எடுத்து இரும்பைத் தின்னும்" என்று ஒரு பேச்சு உண்டு. தனியாக ஊற்றினால் துருப் பிடிக்கும், உண்மைதான். கூலண்ட் கலந்தால் மருந்து அதைப் பார்த்துக்கொள்ளும்.

*மழை நீர்.* வானத்திலிருந்து இலவசமாக வருகிற டிஸ்டில்டு வாட்டர். சரியாகப் பிடித்தால் பேட்டரி தண்ணிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பிடிக்கும் முறையைக் கீழே சொல்கிறேன்.

*வீட்டு ஆர்ஓ தண்ணி.* பெரும்பாலும் ஆகும். ஆனால் சுவைக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு சில இயந்திரங்களில் உண்டு, சிலவற்றில் தாது உப்பு சேர்க்கும் குழாயும் உண்டு. டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். 50-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ஆர்ஓ வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் தொடாதீர்கள். உப்பு அத்தனையும் அதில்தான்.

*உப்பை மாற்றும் மென்னீர்க் கருவி.* பெரிய வீடுகளில் வைக்கிறார்கள். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். சோப்பு நன்றாக நுரைக்கும், பக்கு பிடிக்காது. ஆனால் குளோரைடு போகவில்லை, அங்கேயே இருக்கிறது. இன்ஜினுக்குச் சேராது.

*காய்ச்சி ஆறவைத்த போர் தண்ணி.* கொதிக்கவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் தங்கும். சல்ஃபேட்டும் குளோரைடும் அப்படியே இருக்கும், தண்ணீர் வற்றிய அளவுக்குச் செறிவு கூடவும் செய்யும். பயனில்லை.

*போர், கிணறு, ஏரி, கால்வாய்.* அளந்து பார்த்து மேலே சொன்ன எல்லைக்குள் இருந்தால் ஊற்றலாம். அளக்காமல் வேண்டாம். நடுவயலில் வண்டி சூடேறி நின்றுவிட்டால் அது வேறு. நன்றாக ஆறவிட்டு, கலங்கலில்லாத எந்தத் தண்ணீரையும் ஊற்றி வீடு வந்து சேருங்கள். ஆனால் அடுத்த சில நாளில் அதை வடித்துவிட்டு முறையாக நிரப்புங்கள்.

அளப்பது கடினமில்லை. சின்ன டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் கிடைக்கிறது, நாலு உழவர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். அது மொத்த உப்பைத்தான் காட்டும். கடினத்தன்மையும் குளோரைடும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். கையில் பழைய பாசன நீர் அறிக்கை இருந்தால் ஈசி எண்ணைப் பாருங்கள். 0.53-க்கு மேல் இருந்தால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம், அது இன்ஜின் தண்ணி இல்லை.

ஒரு வார்த்தை பழைய ஆயில் இன்ஜின்காரர்களுக்கு. மேலே திறந்த ஹாப்பரில் தண்ணீர் கொதித்து ஆவியாகும் வகை இன்ஜினில் கூலண்ட் கலப்பது பொருந்தாது. ஆனால் தினமும் தண்ணீர் குறைந்து தினமும் ஊற்றுவதால், பக்கு வேகமாகப் பிடிப்பது அதில்தான். மழை நீரைச் சேர்த்துவைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மழை நீரைப் பிடிப்பது எப்படி?

உப்புத் தண்ணி ஊர்களில் பாட்டிமார் செய்ததுதான். மழைக்கு நாலு கம்பு நட்டு, துவைத்த வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டுக் கீழே குடம் வைப்பார்கள். நாம் வேட்டிக்குப் பதில் சுத்தமான தார்ப்பாய் கட்டலாம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நாலு சதுர மீட்டர் தார்ப்பாயில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் 100 லிட்டர். ஒரு டிராக்டருக்கும் ஒரு காருக்கும் கலக்க 20 லிட்டர் இருந்தால் தாராளம். ஆண்டுக்கு சுமார் 1,000 மில்லிமீட்டர் பெய்கிற நம் மாவட்டத்தில், ஒரே ஒரு நல்ல மழை போதும்.

மொட்டை மாடி நீரைத் தவிருங்கள். சிமெண்டும் சுண்ணாம்புத் தளமும் தண்ணீரில் கரைந்து, மென்னீரை மறுபடி கடின நீராக்கிவிடும். 2003-க்குப் பிறகு நம் வீடுகளில் கட்டிய மழைநீர் சேகரிப்பு நிலத்தடிக்கு நல்லது, அந்தத் தொட்டி நீர் இன்ஜினுக்கு ஆகாது. சிமெண்ட் தொட்டியிலும் சேமிக்காதீர்கள்.

பருவத்தின் முதல் மழையை விட்டுவிடுங்கள், காற்றில் உள்ள தூசி அதில்தான் இறங்கும். இரண்டாவது, மூன்றாவது மழையிலும் முதல் கால் மணி நேரம் தார்ப்பாயைக் கழுவ விட்டுப் பிறகு பிடியுங்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டி, புதிய குடிநீர்க் கேனில் நிரப்பி, மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் வைத்திருந்த கேன் வேண்டாம். "இன்ஜின் தண்ணி" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

கலந்து ஊற்றும் முறை

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருந்த தண்ணீர் சட்டென்று நீராவியாகி முகத்தில் அடிக்கும். கீழ்த் திருகைத் திறந்து பழையதைப் பாத்திரத்தில் பிடியுங்கள், தரையில் விடாதீர்கள்.

சுத்தமாக வரும் வரை அலசுங்கள். கடைசி அலசல் மழை நீரிலோ பேட்டரி தண்ணியிலோ இருக்கட்டும். அலசிய தண்ணீர் முழுதும் வடியாது, ஒரு பகுதி இன்ஜின் பிளாக்கிலேயே தங்கும். கடைசியாகப் போர் தண்ணியில் அலசினால், பிறகு ஊற்றும் நல்ல தண்ணீரோடு அதுவும் கலந்துவிடும்.

விகிதத்தைக் கூலண்ட் கேனின் மேல் போட்டிருப்பார்கள், அதையே பின்பற்றுங்கள். சில கேன்கள் ஏற்கெனவே கலந்தவை, அவற்றில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக்கூடாது. அடர் கூலண்ட் வாங்கிச் சொந்த மழை நீரைக் கலந்தால், தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இந்தியத் தரம் ஐஎஸ் 5759 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்கிற நிறம் ஒவ்வொரு கம்பெனியின் விருப்பம், அதை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள். வண்டிக் கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு. இரண்டு வகைகளைக் கலக்க வேண்டாம்.

வெளியே சுத்தமான வாளியில் கலந்து, மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டால் உள்ளே அடைந்த காற்று குமிழியாக வெளியேறும். மட்டம் இறங்கினால் நிரப்பி மூடுங்கள். அப்படியே ரேடியேட்டரின் முன்பக்க வலையில் ஒட்டியிருக்கும் வைக்கோல் தூசியையும் பதரையும் தட்டிவிடுங்கள். காற்று போகாவிட்டால் எந்தத் தண்ணீரும் உதவாது.

பழைய கூலண்ட்: நம் வயலுக்கு வேண்டாம்

பூச்சிக்கொல்லி தெளிக்காத நிலம் என்று பெருமைப்படுகிறோம். அந்த நிலத்தின் வரப்பிலேயே ரேடியேட்டர் திருகைத் திறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதுவும் இனிப்பான நஞ்சு. நாய் நக்கும், கன்று குடிக்கும், குழந்தை விரல் வைக்கும். 15 கிலோ எடையுள்ள நாய்க்குக் கலக்காத கூலண்ட் அறுபது, எழுபது மில்லி போதும், உயிர் போய்விடும். ஈரல் அதை ஆக்சாலிக் அமிலமாக மாற்றுகிறது. அது இரத்தத்தில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது. ரேடியேட்டரில் பக்கு பிடிப்பது போலத்தான், ஆனால் இதைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது. 2022-இல் காம்பியா நாட்டில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தபோது, உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தில் கண்டதாக எச்சரித்த இரண்டு பொருள்களில் ஒன்று இதே எத்திலீன் கிளைக்கால்.

கிளைக்காலை மண்ணின் நுண்ணுயிர்கள் நாளடைவில் சிதைத்துவிடும். ஆனால் பழைய கூலண்ட்டில் ரேடியேட்டரிலிருந்து கரைந்த செம்பும் ஈயமும் இருக்கும். அவை சிதையாது, மண்ணிலேயே தங்கும். அதனால் மூடியுள்ள கேனில் பிடித்து, வண்டி சர்வீஸ் செய்யும் இடத்தில் கழிவு எண்ணெயைப் போலவே இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு ஒப்படையுங்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் கேனை வைக்காதீர்கள், காலிக் கேனில் மோரோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். ஆடு மாடோ நாயோ குடித்துவிட்டது என்று தெரிந்தால், தள்ளாட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். என்ன குடித்தது என்பதையும் சொல்லுங்கள், மாற்று மருந்துக்கு நேரம் மிகக் குறைவு.

வரும் ஐப்பசியில் முதல் மழையை மண் குடிக்கட்டும். அடுத்த மழைக்குத் தார்ப்பாயைக் கட்டி ஒரு கேன் பிடித்து வையுங்கள். கார்த்திகையில் கையிருப்பு 20 லிட்டர் என்றால், தை அறுவடைக்கு வண்டி தயார்.